ரிம்மின் ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது?

அப்பாவின் 1974 புல்லட்டில் பின் சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒன்று போன ஆடியில் அறுந்தது. நாற்பதில் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். ஆவணி முடிவதற்குள் இன்னும் இரண்டு தொளதொளவென்று ஆடத் தொடங்கின. ஸ்பேனர் வைத்து நிப்பிளை, அதாவது கம்பியின் முனையை ரிம்மோடு பிடித்து வைக்கும் குட்டி நட்டை, திருகினால் இறுகவில்லை, சும்மா சுற்றியது. சக்கரத்தைக் கழற்றி, டயரை எடுத்து, உள்ளே இருந்த ரப்பர் பட்டையை உரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கம்பியில் குறை இல்லை. நிப்பிளைச் சுற்றி ரிம்மின் தகடு அப்பளமாக உதிர்ந்திருந்தது. நிப்பிளின் தலை ஓட்டையைக் கிழித்துக்கொண்டு ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கம் இறங்கிவிட்டது.

வெளியே பார்த்தால் குரோம் பளபளப்பு அப்படியே இருக்கிறது. மழைத் தண்ணீர் நிப்பிள் ஓட்டை வழியாக உள்ளே போய், பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே காயாமல் தேங்கி, வருடக்கணக்கில் உள்ளிருந்தே அரித்திருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள், சைலன்சர் புகையை முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். ரிம்மின் உட்புறத்தை யாரும் கேட்பதில்லை. டயர் மாற்றுகிற அன்றைக்காவது பட்டையை உரித்துப் பார்த்துவிடுங்கள்.

புது ரிம் கிடைக்காமலில்லை. புல்லட்டுக்கான 19 அங்குல ரிம் எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் தொங்கும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கடப்பைக்கல் மேல் படுக்கப் போட்டால், ஒரு பக்கம் விரல் நுழைகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. பற்றவைத்த இணைப்பில் ஒரு மேடு வேறு. பக்கவாட்டுக் கோட்டத்தைக் கம்பி இழுத்து எடுத்துவிடலாம். இணைப்பு மேட்டை எந்தக் கம்பி இழுத்தும் எடுக்க முடியாது. அந்த இடம் தரைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு தட்டும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். புது ரிம் எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை, நல்லதும் வருகிறது. எனக்குத்தான் பிடிவாதம் வந்துவிட்டது. அந்தக் காலத்து ரிம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போடுவது என்று முடிவு செய்தேன். அதன்பிறகு மூன்று மாதம் வண்டி செங்கல் மேல் நின்றது.

தேடக் கிளம்புமுன் என்ன தேடுகிறோம் என்று தெரிய வேண்டுமே. செத்த ரிம்மைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்ததில், வால்வு ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளிக் குத்திய எழுத்து மேலே வந்தது: டபிள்யூ.எம்.2-19. இது பிரிட்டிஷ் பழக்கம். டபிள்யூ.எம். என்பதற்குப் பின்னால் வரும் எண், ரிம்மின் அகலத்துக்கான குறி. 0 என்றால் 1.50 அங்குலம், 1 என்றால் 1.60, 2 என்றால் 1.85, 3 என்றால் 2.15, 4 என்றால் 2.50. எண்ணுக்கும் அளவுக்கும் கணக்கு ஏதும் கிடையாது, மனப்பாடம்தான். ஜப்பான் ரிம்மில் இந்தக் குறி இருக்காது; நேரடியாக 1.85×19 என்றே குத்தியிருக்கும். இரண்டும் ஒன்றே. 1969இல் வந்த ஹோண்டா சி.பி.750இன் முன் ரிம் 1.85×19. டயரைக் கேட்டால், அதுவும் நம் புல்லட் ரிம்மும் அண்ணன் தம்பி. ஹப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

அகலத்தை அளக்கும்போது நிறையப் பேர் சறுக்குவார்கள். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால் அரை அங்குலம்போலக் கூட வரும், டபிள்யூ.எம்.2ஐ டபிள்யூ.எம்.3 என்று நினைத்துக்கொள்வோம். டயரின் ஓரம் உட்காரும் இடத்தில், இரண்டு பக்கத்து உட்சுவருக்கும் நடுவே வெர்னியர் வைக்க வேண்டும். 47 மி.மீ. காட்டினால் டபிள்யூ.எம்.2, 54.6 காட்டினால் டபிள்யூ.எம்.3, 40.6 என்றால் டபிள்யூ.எம்.1. விட்டத்துக்கும் இதே பிரச்சினைதான். 19 அங்குலம் என்பது டயர் ஓரம் உட்காரும் இடத்தின் விட்டம். டேப்பை வெளி விளிம்பில் வைத்து அளந்தால் 20 அங்குலத்தைத் தாண்டும். அப்படி அளந்து 20 அங்குல ரிம் என்று விலை சொன்ன ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

பழைய டயர் ஒன்றில் 26×3.25 என்று போட்டிருந்தால் 26 அங்குல ரிம் தேடிப் போகாதீர்கள். அந்தக் காலத்தில் டயரின் மொத்த உயரத்தைச் சொல்லும் வழக்கம் இருந்தது. 26×3.25 என்பதுதான் பிற்பாடு 3.25-19 ஆனது. இதைவிடப் பழசு, 1920களுக்கு முந்தைய வண்டிகளின் ரிம். அதன் ஓரம் உள்பக்கமாகக் கொக்கிபோலச் சுருண்டிருக்கும். டயரின் தடித்த ஓரம் அந்தக் கொக்கிக்குள் மாட்டிக்கொண்டு, காற்றழுத்தத்தால் நிற்கும். நடுவில் பள்ளம் இருக்காது. அந்த ரிம்மில் இன்றைய டயரைப் போடவே கூடாது. எழுத்து அழிந்துபோன ரிம் கையில் கிடைத்தால், நடுப்பள்ளம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

புல்லட்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்த பிறகு, அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதனால் 19 அங்குலம், 40 ஓட்டை என்ற கணக்கில் பழைய ரிம்கள் ஏராளம். இந்த ஏராளம்தான் என்னை ஏமாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். அந்தச் சந்துகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் கதவு ஒரு மலை, கியர்பாக்ஸ் ஒரு மலை, நடுவில் ஆள் ஒருவர் நடக்கிற அளவு வழி. ரிம் கேட்டதும் ஒரு கடைக்காரர், "எல்லாம் புல்லட்தான் சார், பாத்து எடுத்துக்கோங்க" என்று கயிற்றில் கோத்துத் தொங்கிய இருபது முப்பதைக் காட்டினார். அதில் முக்கால்வாசி புல்லட் இல்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது. மைசூரில் செய்த பழைய ஜாவாவின் 16 அங்குலக் குட்டி ரிம்கூட அதில் இருந்தது. 18ஐயும் 19ஐயும் மட்டும் கண்ணை நம்பிப் பிரிக்க முடியாது, தனியாகத் தொங்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நான் 19 அங்குல ரிம்மின் நடுப்பள்ளத்தைச் சுற்றி வரும் நீளத்துக்கு ஒரு சணல் கயிற்றை வீட்டிலேயே வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். ரிம்மின் நடுப்பள்ளத்தில் சுற்றிப் பார்த்தால் போதும், முனைகள் சேர்ந்தால் 19, கயிறு மிஞ்சினால் 18. டேப் பிடிக்க இன்னொரு ஆள் தேவையில்லை.

ஓட்டை எண்ணுவதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஒன்று இரண்டு என்று எண்ணினால் நடுவில் யாராவது டீ வேண்டுமா என்று கேட்பார்கள், கணக்கு போய்விடும். ஓட்டைகள் நான்கு நான்காகத்தான் திரும்பத் திரும்ப வரும். வால்வு ஓட்டையில் தொடங்கி நான்குக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே வந்தால், பத்துக் கோடு வந்தால் 40, ஒன்பது வந்தால் 36. புல்லட் என்று சத்தியம் செய்து கொடுத்த ஒரு ரிம்மில் ஒன்பதுதான் வந்தது.

மாலை வரை தேடி இரண்டை எடுத்தேன். ஒன்றில் டபிள்யூ.எம்.2-19 என்ற எழுத்து தெளிவாக இருந்தது, 40 ஓட்டை, துரு குறைவு, தகடு கனம். 700 ரூபாய். இன்னொன்றில் எழுத்து பாதி அழிந்திருந்தது, அளவு சரி, 40 ஓட்டை, ஆனால் குரோம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. அது 400. இரண்டாவதை, சும்மா இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன். இரண்டையும் தோளில் மாலைபோல மாட்டிக்கொண்டு ரயிலில் நின்றபோது, எதிரில் இருந்த பாட்டி, "என்னப்பா இது, மாட்டு வண்டியா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் பஜாரில் வீல் கட்டுகிற பாய் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது. சைக்கிளில் ஆரம்பித்து, லாரி தவிர எல்லாச் சக்கரமும் கட்டியவர். எழுத்து பளிச்சென்று தெரிகிற 700 ரூபாய் ரிம்மைப் பெருமையாக அவர் முன்னால் வைத்தேன். கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சைஸ் பாத்தியா தம்பி?"

"பாத்தேன் பாய். டபிள்யூ.எம்.2, பத்தொம்பது."

"ஓட்டை?"

"நாப்பது. கோடு போட்டு எண்ணினேன்."

"எண்ணினது சரி. எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அப்படி ஒன்று பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

ரிம்மின் ஓட்டை என்பது தகட்டில் நேராகப் போட்ட துளை அல்ல. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் தகட்டை டயர் பக்கத்திலிருந்து அமுக்கிக் குழியாக்கி, அந்தக் குழியின் நடுவில் துளை போட்டிருப்பார்கள். ஹப் பக்கத்திலிருந்து தடவினால் சின்னக் கொப்புளம் மாதிரி இருக்கும். நிப்பிளின் தலை அந்தக் குழியில் உட்காருகிறது. குழி எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் நிப்பிள் நீட்டிக்கொண்டு நிற்கும், கம்பியும் அந்தத் திசையில்தான் கிளம்பும். சாய்வு இரண்டு விதம். ஒன்று பக்கவாட்டில்: ஒரு ஓட்டை ஹப்பின் இடப்பக்கக் காதை (கம்பியின் மறுமுனையைக் கோக்கும் விளிம்பை) பார்க்கும், அடுத்தது வலப்பக்கக் காதைப் பார்க்கும். இன்னொன்று சுழலும் திசையில்: ஒன்று முன்னால் சாய்ந்து போகும், ஒன்று பின்னால் சாய்ந்து போகும். நான்கு நான்காகத் திரும்ப வரும் என்று சொன்னேனே, அது இதனால்தான். இடமும் வலமும், முன்னும் பின்னும் கலந்தால் நான்கு.

இந்தச் சாய்வு எவ்வளவு என்பதை முடிவு செய்வது ரிம் அல்ல, ஹப். ஹப்பின் காது பெரிதாக இருந்தால் கம்பி குட்டையாகவும் அதிகச் சாய்வாகவும் போகும். காது சின்னதாக இருந்தால் கம்பி நீளும், கிட்டத்தட்ட மையத்தைப் பார்த்தே போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவுக் காது உள்ள ஹப்புக்கு, ரிம்மின் இரண்டு பக்க ஓட்டையும் ஒரே சாய்வில் இருக்கும். ஆனால் பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் அரை ஹப். ஒரு பக்கம் பெரிய பிரேக் டிரம்மின் ஓரத்திலேயே கம்பி கோக்க ஓட்டை, மறுபக்கம் சின்னக் காது. அதற்குச் செய்த ரிம்மில் ஒரு பக்க ஓட்டைகள் அகலச் சாய்ந்தும், மறுபக்க ஓட்டைகள் நேராகவும் இருக்கும். அகலமும் விட்டமும் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. ரிம்மில் குத்திய எழுத்து இதைச் சொல்லாது. அது டயருக்காகக் குத்திய எழுத்து.

பாய் இதை வாயால் விளக்கவில்லை, செய்து காட்டினார். பழைய போக்ஸ் கம்பி நான்கை எடுத்து, தலைப்பக்க வளைவை வெட்டிவிட்டு நேர்க்கம்பியாக்கினார். நிப்பிளை மாட்டி, வால்வுக்கு அடுத்தடுத்த நான்கு ஓட்டைகளில் சொருகி, நிப்பிளின் தலையைக் கட்டை விரலால் குழியில் அழுத்திப் பிடித்தார். நான்கு கம்பியும் நான்கு திசையில் நின்றன. ரிம்மின் நடுவில் என் ஹப்பை, தரையிலிருந்து சரியான உயரத்துக்குக் கட்டை கொடுத்து வைத்தார். வலப்பக்கக் கம்பிகள் இரண்டும் ஹப்பின் காதைத் தொடாமல் வெளியே, காற்றில் எங்கோ போயின. இடப்பக்கம் இரண்டும் ஆக்சிலையே குத்துவதுபோல வந்தன. என் புல்லட் ஹப்பை ஒரு பக்கமும் பார்க்கவில்லை.

"அரை ஹப் ரிம்மு இது. இங்கிலீஷ் வண்டி" என்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச் எல்லாம் 19 அங்குலச் சக்கர வண்டிகள்தான். அந்தச் சாதியில் ஏதோ ஒன்றிலிருந்து கழன்று வந்திருக்கும்.

"கட்டவே முடியாதா பாய்?"

"கட்டலாம். ஏன் முடியாது? நிப்பிள் ஒரு பக்கம் பாக்கும், கம்பி ஒரு பக்கம் போகும். நிப்பிள் வாய்லயே கம்பி மடங்கும். கோட்டம் எடுத்துக் குடுத்தா வாரத்துல திரும்ப வந்துடும். அப்புறம் மறை கிட்ட ஒண்ணொண்ணா அறும்."

ஓட்டையை ரவுண்டு அரம் போட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. பாய் அதைச் செய்வதில்லை. அரம் போட்டால் குழியின் ஓரத் தகடு மெலியும், நிப்பிள் தலை பாதிதான் உட்காரும். என் பழைய ரிம் செத்ததே அந்த இடத்தில்தான் என்பதால் எனக்கும் மனசு வரவில்லை.

பிறகு, சும்மா இருக்கட்டும் என்று வாங்கிய 400 ரூபாய் ரிம்மில் கம்பி விட்டுப் பார்த்தார். நான்கும் ஹப்பின் காதை நோக்கி, இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் போய் நின்றன. பார்வைக்கு அசிங்கமாக இருந்ததுதான் சரியானது.

இன்னொன்றையும் அங்கேயே பார்த்துக்கொண்டோம். போக்ஸ் கம்பியின் பருமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள், எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 8 கேஜ் 4.06 மி.மீ., 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64. கம்பி பருத்தால் நிப்பிளும் பருக்கும், ரிம்மின் ஓட்டையும் பெரிதாக வேண்டும். 10 கேஜ் நிப்பிளுக்குப் போட்ட ஓட்டையில் 12 கேஜ் நிப்பிளை விட்டால் தலை பாதி உள்ளே இறங்கிவிடும். என் பழைய கம்பியை மைக்ரோமீட்டரில் பிடித்ததில் 3.25 வந்தது. அதன் நிப்பிள் அந்த 400 ரூபாய் ரிம்மின் ஓட்டையில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்தது.

அடுத்து குரோம் முலாம். இதில் சொல்ல அதிகமில்லை, வருத்தம்தான் அதிகம். பழைய குரோமை உருவி, மெருகு போட்டு, செம்பு, நிக்கல், கடைசியில் குரோம் என்று மூன்று முலாம். மெருகு போடும் சக்கரம்தான் ஆபத்து. பள்ளத்தை எடுக்கிறேன் என்று தகட்டையே எடுத்துவிடும். எழுத்து இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள் என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். வந்தபோது சாக்பீஸ் வட்டமும் இல்லை, பாதி இருந்த எழுத்தும் இல்லை. "நல்லா மின்னுது பாருங்க" என்றார்கள். மின்னியது. கொடுப்பதற்கு முன் எழுத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதுதான் இப்போது இந்த ரிம்மின் பிறப்புச் சான்றிதழ். முலாம் ஏறியதில் ஓட்டைகளும் ஒரு மயிரிழை சுருங்கி, நிப்பிள் இறுகிப் பிடித்தது. உப்புத்தாளைச் சுருட்டி நாற்பது ஓட்டையையும் கையால் துடைத்தெடுக்க ஒரு சாயங்காலம் போனது. போக்ஸ் கம்பியையும் சேர்த்துக் குரோம் போடச் சொல்லலாமே என்று ஆசை வரும். வேண்டாம். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் உள்ளே ஏறி, இழுவையில் இருக்கும் உருக்குக் கம்பி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கம்பி மட்டும் புதுசாக, துத்தநாக முலாம் போட்டதாக வாங்கினேன்.

நீளத்துக்கு, அறுகாத பழைய கம்பிகளை நிமிர்த்தி, தலைவளைவின் உட்புறத்திலிருந்து நுனிவரை அளந்து கொடுத்தேன். மாதிரிக் கம்பி இல்லாதவர்கள் கணக்குப் போட்டும் எடுக்கலாம். ரிம்மில் நிப்பிள் உட்காரும் வட்டத்தின் ஆரம், ஹப் காதில் ஓட்டைகள் இருக்கும் வட்டத்தின் ஆரம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து காதுக்கு உள்ள பக்கவாட்டுத் தூரம், இந்த மூன்றின் வர்க்கத்தையும் கூட்டி, அதிலிருந்து இரண்டு ஆரங்களின் பெருக்கலை இரட்டித்து, கம்பி சுற்றிவரும் கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த கொசைன் விதிக்கு எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வேலை. ரிம்மின் விட்டத்தை 2 மி.மீ. தப்பாக அளந்தால் கம்பி ஏறத்தாழ 1 மி.மீ. தப்பும், அதுவரை நிப்பிளின் மறை தாங்கும். அதற்கு மேல் போனால் கம்பி நிப்பிளுக்கு மேலே துருத்திக்கொண்டு டியூபைக் குத்தும், அல்லது நான்கு மறையில் தொங்கும்.

கட்டுவதை நானே செய்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, பழைய சக்கரத்தின் போட்டோவைப் பார்த்து, மூன்று மணி நேரத்தில் நாற்பது கம்பியும் கோத்து முடித்தேன். கோப்பெல்லாம் அழகாகத்தான் இருந்தது. நிப்பிளை இறுக்க இறுக்கத்தான், ஒவ்வொரு கம்பியும் நிப்பிளை விட்டு வெளியே வரும் இடத்தில் லேசாக வளைந்து வருவது தெரிந்தது. வால்வு ஓட்டையும் இரண்டு கம்பிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர் கீழே வந்திருந்தது. காற்றடிக்கும் பம்பின் தலை உள்ளே நுழையவே நுழையாது. இரவெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. காலையில் சக்கரத்தை அப்படியே பாயிடம் தூக்கிப் போனேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ரெண்டு ஓட்டை தள்ளி ஆரம்பிச்சிருக்கே."

அவ்வளவுதான். இடப்பக்கக் காதுக்குப் போக வேண்டிய கம்பியை இடம் பார்க்கும் ஓட்டையில்தான் விட்டிருக்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் முன்னால் சாய வேண்டிய கம்பியைப் பின்னால் சாய்ந்த ஓட்டையில் விட்டிருக்கிறேன். முதல் கம்பி தப்பியதால் நாற்பதும் ஒழுங்காக, ஒரே மாதிரி தப்பியிருக்கின்றன. முழுக்க அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை நேர்க்கம்பியை விட்டு, முன் சாய்வு ஓட்டைக்கெல்லாம் சிவப்புச் சாக்பீஸ், பின் சாய்வுக்கெல்லாம் வெள்ளை என்று புள்ளி வைத்துக்கொண்டேன். பாய் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, "கோலம் நல்லாருக்கு" என்றார்.

ரிம்மை மாற்றுகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் புத்திமதி, பழைய கம்பியை வெட்டுவதற்கு முன் ஆஃப்செட் அளந்துகொள் என்பது. அதாவது ஹப்பின் முகத்தில் ஒரு நேர்க்கட்டையை வைத்து, அதிலிருந்து ரிம்மின் ஓரம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. ஹப்பின் நடுவும் ரிம்மின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இடப்பக்கம் ஸ்புராக்கெட்டும் டிரம்மும் இடம் பிடித்துக்கொள்வதால் ரிம் நகர்ந்துதான் உட்காரும். நல்ல புத்திமதிதான், நானும் அளந்து சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பழைய சக்கரம் கம்பெனி கட்டியது அல்ல. நடுவில் எப்போதோ, யாரோ ஒருவர் கட்டியது. புதுச் சக்கரத்தைச் சுவரில் எழுதிய அளவுக்கே கட்டி வண்டியில் மாட்டியதும், முன்சக்கரத்தை நேராக வைத்துப் பின் டயரின் இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்த்தேன். முன் டயருக்கும் நூலுக்கும் இடையே ஒரு பக்கம் 4 மி.மீ. கூடுதல் இடைவெளி. செயின் அட்ஜஸ்டர் இரண்டும் ஒரே கணக்கில்தான் இருந்தது. அப்பா இத்தனை வருடம் ஓட்டியதும் இப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்கள்தான் வயசு என்று நினைத்துக்கொண்டோம்.

ரிம்மைப் பக்கவாட்டில் நகர்த்துவது எளிது. ஒரு பக்கத்து இருபது நிப்பிளையும் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபக்கத்து இருபதையும் கால் சுற்று இறுக்கி, நூலைப் பார்த்துப் பார்த்து வந்தேன். நான்காவது சுற்றில் நூல் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது.

கோட்டம் எடுத்ததைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, சைக்கிள் சக்கரத்துக்குச் செய்வதுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதலில் மேலும் கீழும் எகிறுவதை எடுக்க வேண்டும், பிறகுதான் பக்கவாட்டு ஆட்டம். மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும். நிப்பிளின் வாயில் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கிடையாது. இரண்டையும் 1 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிட்டு, ஸ்பேனரின் முனையால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேட்டேன். மந்தமாக ஒலித்த மூன்று கம்பிகளைக் கொஞ்சம் ஏற்றியதும் சக்கரம் முழுக்க ஒரே சுருதிக்கு வந்தது. நிப்பிளுக்கு மேலே நீட்டிய நுனிகளைச் சாணை வைத்து மட்டமாக்கி, புது ரப்பர் பட்டை போட்டு, டியூப் மாட்டினேன்.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனர், "இவ்வளவு கஷ்டத்துக்கு 18 அங்குலமே போட்டிருக்கலாமே மாமா, டயரும் நிறைய கிடைக்குதே" என்றார். போடலாம். ஆனால் 3.25-19 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 648 மி.மீ., அதே 3.25இல் 18 என்றால் 622. நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். எஞ்சின் அதே வேகத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், வண்டியின் பின்பக்கம் அரை அங்குலம் தாழும், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் நிற்கும் விதமே மாறும். அதைவிட, பக்கத்தில் நின்று பார்த்தால் அது அப்பாவின் வண்டிமாதிரி இருக்காது. கடைசிக் காரணத்தை மைத்துனரிடம் சொல்லவில்லை.

50 கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன், ஐந்து தளர்ந்திருந்தன. 300இல் பார்த்தபோது ஒன்று. ஆயிரம் தாண்டியபின் எதுவும் இல்லை. கையை விட்டுப் பார்த்தேன், ஆற்காடு ரோட்டில், காலி நேரத்தில். நேராகப் போகிறது.

அரை ஹப் ரிம்மைத் திரும்பப் புதுப்பேட்டைக்குத் தூக்கிப் போகச் சோம்பல்பட்டு, பாய் கடை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்திருந்தேன். போன வாரம் போன் செய்தார். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய இங்கிலீஷ் வண்டியின் முன்சக்கரத்தோடு வந்திருக்கிறாராம், கம்பி விட்டுப் பார்த்தாயிற்று, நாலும் பொருந்துகிறது, எவ்வளவு சொல்லட்டும் என்றார். வாங்கின 700ஐயே சொல்லுங்கள் என்றேன். பாய் 1,200 சொல்லி வாங்கி, 700ஐ எனக்கு அனுப்பிவிட்டு, 500ஐ வைத்துக்கொண்டார். கம்பி விட்டுப் பார்த்த கூலியாம்.